மழை பெய்யும் பிரிண்ட்: சனிக்கிழமை ராத்திரிக்கு எதைப் போடலாம்?

மதுரையில் நண்பர் ஒருவர் பழைய புரொஜெக்டர் வாங்கி மொட்டை மாடியில் வைத்திருக்கிறார். மாதம் ஒரு சனிக்கிழமை, எட்டுப் பேர், கொடிக்கயிற்றில் கட்டிய வெள்ளை வேட்டியில் படம். போன வாரம் போன் செய்தார். "வேணும்னே மட்டமா எடுத்த மாதிரி எடுக்குற படம்னு ஒரு வகை இருக்காமே, கிரைண்ட்ஹவுஸ்னு சொல்றாங்க. அதுல ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. பிடிச்சா மேல பார்ப்போம், இல்லைன்னா விட்டுடுவோம்."

மூன்று நிபந்தனைகள் போட்டார். எட்டுப் பேரில் இரண்டு பேருக்கு ரத்தம் ஆகாது. ஒருவர் பன்னிரண்டு மணிக்கு மேல் உட்கார மாட்டார். யாருமே அசல் படங்கள் எதையும் பார்த்ததில்லை. முதல் இரண்டையும் சமாளித்துவிடலாம், மூன்றாவதுதான் உதைக்கிறது. சிவாஜியையே பார்க்காதவர் முன்னால் சிவாஜி மிமிக்ரி செய்தால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான்.

அதனால் அசலைப் பற்றி முதலில் கொஞ்சம். 1960களின் கடைசியிலும் 70களிலும் அமெரிக்காவில் கையில் காசோ பெரிய நட்சத்திரமோ இல்லாமல், ஒரே ஒரு 'சரக்கை' மட்டும் நம்பி எடுத்த படங்களை எக்ஸ்ப்ளாய்டேஷன் என்பார்கள். அந்தச் சரக்கு ரத்தமாக இருக்கலாம், கவர்ச்சியாக இருக்கலாம், கார் துரத்தலாகவோ பைக் கும்பலாகவோ பெண்கள் சிறையாகவோ இருக்கலாம். ஹாலிவுட்டின் பழைய தணிக்கை விதி 1968இல் போய் வயதுக் குறியீடு வந்த பிறகு, பெரிய கம்பெனிகள் தொடத் தயங்கியதையெல்லாம் சின்னக் கம்பெனிகள் துணிந்து தொட்டன. போஸ்டரையும் தலைப்பையும் முதலில் தயார் செய்துவிட்டு அப்புறம் கதை எழுதிய கம்பெனிகளும் உண்டு. இந்த உலகத்தின் பெரியவர் ரோஜர் கோர்மன். 1960இல் வந்த 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' படத்தின் பெரும்பகுதியை இரண்டே நாளில் சுருட்டியவர். கொப்போலா, ஸ்கார்சேசி, ஜேம்ஸ் கேமரூன் எல்லாம் அவரிடம் தொழில் பழகியவர்கள்தான். 2024இல், 98 வயதில் இறந்தார்.

நியூயார்க்கில் 42ஆம் தெரு மாதிரியான இடங்களில் இருந்த கொட்டகைகளில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் ஓடும். அந்தக் கொட்டகைகளைத்தான் கிரைண்ட்ஹவுஸ் என்பார்கள். கையில் இருக்கும் சில பிரிண்ட்டே ஊர் ஊராகச் சுற்றும். போகிற இடத்திலெல்லாம் கீறல் விழும், அறுந்தால் ஒட்டுவார்கள், ஒட்டும்போது நாலு வரி வசனம் காணாமல் போகும். நம் ஊர் சி சென்டர் கொட்டகைகளில் படம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திரையில் மழை பெய்யும். நடுவில் ஒரு ரீலையே விழுங்கிவிட்டு ஆபரேட்டர் சத்தமில்லாமல் அடுத்ததைப் போடுவார். தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். காலைக் காட்சியில் 'பிட்டு' ஓட்டியது வேறு கதை.

இந்தப் பழைய சரக்குக்கு மரியாதை செய்யும் இன்றைய படங்களை நான் இரண்டு கூட்டமாகப் பிரிப்பேன். ஒரு கூட்டம் பிரிண்ட்டுக்கு மரியாதை செய்கிறது: கீறல், தாவல், நிறம் வெளிறியது, காணாமல் போன ரீல். இன்னொரு கூட்டம் இல்லாமைக்கு மரியாதை செய்கிறது: காசில்லாதவன் என்ன தில்லுமுல்லு செய்து படத்தை முடித்தான் என்பதற்கு. எனக்கு இரண்டாவது கூட்டத்தின் மேல்தான் பிரியம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வருவதில் அந்தச் சாய்வு இருக்கும்.

முதல் கூட்டத்துக்குத் தலைமை 2007இல் வந்த 'கிரைண்ட்ஹவுஸ்'. ராபர்ட் ரோட்ரிகஸ் எடுத்த 'பிளானெட் டெரர்', குவென்டின் டாரன்டினோ எடுத்த 'டெத் ப்ரூஃப்', இரண்டும் ஒரே டிக்கெட்டுக்கு. நடுவில் எடுக்கப்படாத படங்களுக்கான பொய் டிரெய்லர்கள். மொத்தம் 191 நிமிஷம். செலவு 5 கோடி டாலருக்கு மேல், முதல் வார இறுதியில் வந்தது சுமார் 1 கோடியே 16 லட்சம். முதல் படம் முடிந்ததுமே ஆட்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று அப்போது செய்தி வந்தது. ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம் என்பதே ஜனங்களுக்கு மறந்துபோயிருந்தது. பல நாடுகளில் இரண்டையும் பிரித்து, தனித்தனிப் படமாகத்தான் வெளியிட்டார்கள்.

'பிளானெட் டெரர்' படத்தில் ஒரு இடம் இருக்கிறது, அதற்காகவே அதைப் பார்க்கலாம். நாயகனும் நாயகியும் நெருங்குகிறார்கள். படம் கருகுகிறது, உருகுகிறது, திரை வெளுக்கிறது. 'ஒரு ரீல் காணவில்லை' என்று நிர்வாகத்தின் பெயரில் ஒரு வருத்த அட்டை. படம் திரும்ப வரும்போது கடை தீப்பற்றி எரிந்துகொண்டிருக்கிறது. ஷெரீஃப் குண்டடி பட்டுக் கிடக்கிறார். அதுவரை நாயகனைச் சந்தேகித்துக்கொண்டே இருந்தவர், இப்போது அவனைப் பற்றிய உண்மை தெரிந்து மனசு மாறியிருக்கிறார். அந்த உண்மை என்ன? அந்த ரீலில் இருந்தது. நமக்குக் கடைசிவரை தெரியாது. கதாநாயகனின் பூர்வ கதையைச் சொல்ல வேண்டிய நேரத்தில் இயக்குநர் ரீலைத் தொலைத்துவிட்டுச் சிரிக்கிறார். கொட்டகை ஆபரேட்டர் பண்ணிய அநியாயத்தையே திரைக்கதை உத்தியாக்கியது நல்ல கில்லாடித்தனம்.

ஆனால் அந்தக் கீறல்களைப் போட்டது கம்ப்யூட்டர். டிஜிட்டல் கேமராவில் சுத்தமாக எடுத்துவிட்டு அப்புறம் அழுக்காக்கியிருக்கிறார்கள். கிழிந்த ஜீன்ஸைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிற மாதிரி. முதல் அரை மணி நேரம் ரசிக்கலாம், அதற்கப்புறம் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. இன்னொன்று, நாயகியின் வெட்டுப்பட்ட காலில் இயந்திரத் துப்பாக்கி பொருத்துகிறார்கள், சீழ் தெறிக்கிறது, சதை உருகுகிறது. ரத்தம் ஆகாத இரண்டு பேரும் பத்தாவது நிமிஷமே கீழே இறங்கிப் போய்விடுவார்கள்.

'டெத் ப்ரூஃப்' கதை வேறு. ஆரம்பத்தில் ஒரே ஒரு நொடி 'தண்டர் போல்ட்' என்று வேறொரு தலைப்பு மின்னும், சட்டென்று வெட்டி, கறுப்பில் வெறும் எழுத்தாக 'டெத் ப்ரூஃப்' என்று ஒட்டியிருப்பார்கள். பழைய படத்துக்குப் புதுப் பெயர் வைத்து இரண்டாவது தடவை ஜனங்களை ஏமாற்றும் விநியோகஸ்தர் வேலை அது. தெரிந்தவருக்குச் சிரிப்பு வரும், தெரியாதவர் ஏதோ கோளாறு என்று நினைத்து புரொஜெக்டர் வயரை ஆட்டிப் பார்ப்பார். இந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது கீறல் இல்லை, பேச்சு. சின்ன பட்ஜெட் படங்களில் ஏன் அவ்வளவு பேசினார்கள்? பேச்சுக்குச் செலவில்லை. நாலு பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்துப் பேசவிட்டால் பத்து நிமிஷம் நிரம்பிவிடும். டாரன்டினோ அந்த நிரப்பலையே படமாக்கிவிட்டார். பாரில் பெண்கள் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் மாடியில் இது ஆபத்து. பாதிப் பேர் போனை எடுத்துவிடுவார்கள்.

பொறுத்திருந்தால் கடைசி இருபது நிமிஷம் கிடைக்கும். ஸோயி பெல் அசல் ஸ்டன்ட் கலைஞர், 'கில் பில்' படத்தில் உமா தர்மனுக்காக அடி வாங்கியவர். இதில் தன் பெயரிலேயே வருகிறார். ஓடும் வெள்ளை டாட்ஜ் சேலஞ்சரின் பானெட் மேல் இரண்டு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார், பின்னால் இன்னொரு கார் வந்து இடிக்கிறது. அங்கே கிராஃபிக்ஸ் இல்லை. ஒரு மனுஷி உண்மையாகவே வண்டி மேல் கிடக்கிறாள் என்பது பார்க்கிற உடம்புக்குத் தெரிகிறது. அந்த இடத்தில் படம் முதல் கூட்டத்திலிருந்து இரண்டாவது கூட்டத்துக்குத் தாவிவிடுகிறது.

அந்தப் பொய் டிரெய்லர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் மூன்று பிற்பாடு நிஜப் படங்களாகவே வந்துவிட்டன: 'மச்செட்டி' 2010இல், 'தேங்க்ஸ்கிவிங்' 2023இல், பெரும்பாலும் கனடா பிரிண்ட்களில் ஓடிய 'ஹோபோ வித் எ ஷாட்கன்' 2011இல். இந்த மூன்றும் உங்கள் மாடிக்கு வேண்டாம். இரண்டு நிமிஷத்தில் சிரித்து முடிய வேண்டியதை ஒன்றரை மணி நேரம் இழுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை இருந்தால் 'மச்செட்டி' பாருங்கள். டேனி ட்ரேஹோவின் முகம் மட்டும் கடைசிவரை தாங்கும். 'ஹோபோ' படத்தில் ருட்கர் ஹவர் நன்றாகச் செய்திருக்கிறார், ஆனால் ரத்தம் பக்கெட் கணக்கு.

அடுத்து 'எக்ஸ்'. டை வெஸ்ட் எடுத்தது, 2022. 1979இல் டெக்சஸில் ஒரு பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்து, அதன் சொந்தக்காரக் கிழவனுக்கும் கிழவிக்கும் தெரியாமல் நீலப்படம் எடுக்கப் போகும் சின்னக் குழுவின் கதை. எடுத்தது டெக்சஸில் இல்லை, கொரோனா காலத்தில் நியூசிலாந்தில். அதே செட்டில், அதே குழுவோடு முன்கதையான 'பேர்ல்' படத்தையும் சூட்டோடு சூடாக எடுத்துவிட்டார்கள். கோர்மன் கேட்டிருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார். நாயகி, கிழவி இரண்டு வேஷமும் மியா காத்.

முதல் ஷாட்டைக் கவனிக்க வேண்டும். திரை பழைய படங்களின் சதுர அளவில் இருப்பது போலத் தெரிகிறது. கேமரா மெதுவாக முன்னால் போகிறது. இரண்டு பக்கமும் இருந்த கறுப்புப் பட்டை உண்மையில் களஞ்சியக் கதவின் உள்பக்கம். கதவைத் தாண்டியதும் திரை முழு அகலத்துக்கு விரிகிறது. கம்ப்யூட்டர் கீறல் ஒன்றுகூட இல்லாமல், ஒரு கதவை வைத்தே காலத்தைச் சொல்லிவிட்டார்கள். 1974இன் 'தி டெக்சஸ் செயின் சா மேசகர்' படத்துக்கு இதைவிட நாகரிகமான வணக்கம் நான் பார்த்ததில்லை. இளமையும் முதுமையும் பற்றி அந்தப் படம் சொல்வதும் மனசில் நிற்கும். என் தனிப்பட்ட தேர்வு கேட்டால், தனியாக ராத்திரி பார்க்க இதுதான். ஆனால் கேள்வி எட்டுப் பேர் கூடுகிற மாடியைப் பற்றியது. கழுத்தில் கத்தி இறங்கும், நிர்வாணம் வரும், பக்கத்து மாடியில் துணி எடுக்க வரும் அத்தை எட்டிப் பார்ப்பார். வேண்டாம்.

ரத்தம் ஆகாதவர்களுக்கு 'தி லவ் விட்ச்' இருக்கிறது. 2016. அன்னா பில்லர் எழுதி இயக்கியதோடு தயாரிப்பு, படத்தொகுப்பு, இசை, ஆடை, அரங்கம் எல்லாம் தானே பார்த்தார். ஒரு மந்திரக் கம்பளத்தைக் கையாலேயே பின்னியிருக்கிறார். 35 எம்எம் ஃபிலிமில் எடுத்து நெகட்டிவையே வெட்டி ஒட்டிய படம், நிறங்கள் கண்ணில் ஒத்திக்கொள்ளலாம் போல இருக்கும். வசியம் செய்து ஆண்களைக் காதலிக்க வைக்கும் ஒரு சூனியக்காரி, காதல் தலைக்கேறிய ஆண்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போகிறார்கள். பாதியில் திடீரென்று ஒருத்தி செல்போனை எடுப்பாள், அப்போதுதான் இது அந்தக் காலத்துக் கதையே இல்லை என்று உறைக்கும்.

இதை எக்ஸ்ப்ளாய்டேஷனுக்கு மரியாதை என்று சொன்னால் பில்லருக்குக் கோபம் வரும். தன் மூலம் பழைய ஹாலிவுட் டெக்னிகலர் படங்கள், ஹிட்ச்காக் வகை, என்று திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார். 2007இல் எடுத்த 'விவா'தான் அந்த வகையை நேராகத் தொட்டது. அவர் சொல்வது நியாயம்தான். ஆனாலும் பட்டியலிலிருந்து எடுக்க மனசில்லை, ஏனென்றால் அந்தக் காலத்தில் கவர்ச்சிக்கு மட்டும் நிற்க வைத்த பெண்ணுக்கு உள்ளே என்ன ஓடியது என்று கேட்கிற படம் இது. குறை: இரண்டு மணி நேரம், நிதானமான நடை. பன்னிரண்டு மணிக்காரர் பதினொன்றுக்கே குறட்டை விடுவார்.

மிச்சம் இரண்டு. இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை, அதனால் சேர்த்தே பேச வேண்டும்.

கறுப்பினப் பார்வையாளர்களுக்காக, கறுப்பின நாயகர்களை வைத்து 70களில் எடுத்த படங்களை பிளாக்ஸ்ப்ளாய்டேஷன் என்பார்கள். 1971இல் மெல்வின் வான் பீபிள்ஸும் கார்டன் பார்க்ஸும் தொடங்கி வைத்த அலை. பாம் கிரியர் 'காஃபி', 'ஃபாக்ஸி பிரவுன்' படங்களில் துப்பாக்கியோடு நின்றார். அந்தப் பெயரைச் சூட்டியது கறுப்பின உரிமை அமைப்பு ஒன்றின் ஹாலிவுட் கிளைத் தலைவர், அதுவும் பாராட்டாக இல்லை, கண்டனமாக. தரகனும் போதை வியாபாரியும்தான் கறுப்பினத்தவருக்கு நாயகர்களா என்பது அவர் கேள்வி. இந்தச் சண்டை தெரிந்தால் படம் இன்னும் ருசிக்கும், தெரியாவிட்டாலும் கெட்டுப்போகாது.

2009இல் வந்த 'பிளாக் டைனமைட்' இந்த அலையை நக்கலடிக்கும் படம். ஸ்காட் சாண்டர்ஸ் இயக்கம், மைக்கேல் ஜெய் ஒயிட் எழுத்திலும் நடிப்பிலும். சூப்பர் 16 ஃபிலிமில், இருபதே நாளில் எடுத்தது. கீறலைப் பிற்பாடு ஒட்டத் தேவையில்லை, ஃபிலிமே அந்தக் காலத்து நிறத்தைக் கொடுத்துவிட்டது. நாயகன் கோபமாக வசனம் பேசிக்கொண்டிருக்கும்போது, நீளக் கம்பில் கட்டிய பூம் மைக் மெல்ல மெல்லக் கீழே இறங்கித் தலைக்கு மேல் தொங்குகிறது. அவர் கண்ணை மட்டும் மேலே திருப்பி அதைப் பார்க்கிறார். வசனத்தை நிறுத்தவில்லை. இன்னொரு டேக் எடுக்க ஃபிலிம் இல்லாத கம்பெனி என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிடும். சண்டையில் ஒருவருக்கு நிஜமாகவே அடி விழுந்து அவர் திட்டிக்கொண்டு திரும்ப, சட்டென்று வெட்டு, அதே சட்டையில் வேறொரு ஆள் நிற்கிறார். துணை நடிகர் ஒருவர் தாளில் இருந்த 'கிண்டலாக' என்ற குறிப்பையும் வசனமாகவே சேர்த்துச் சொல்லிவிடுகிறார். இதுதான் நான் சொன்ன இல்லாமைக்கான மரியாதை. பிரிண்ட் கெட்டதைக் காட்டவில்லை, எடுத்தவர்களின் பாட்டைக் காட்டுகிறது. கடைசியில் வெள்ளை மாளிகைக்குள் புகுந்து ஜனாதிபதி நிக்சனோடு நுன்சாக்கு சண்டை வரை போகிறது. 84 நிமிஷம்தான். ரத்தம் உண்டு, கேலி ரத்தம். வாய் கொஞ்சம் அசிங்கம், சில காட்சிகளும்.

2019இல் வந்த 'டாலமைட் இஸ் மை நேம்' வேறு வழியில் அதே இடத்துக்குப் போகிறது. எடி மர்ஃபி, ரூடி ரே மூர் என்ற நிஜ மனிதராக நடிக்கிறார். தொந்தியும் நடுத்தர வயதுமாய், யாரும் வாய்ப்புத் தராத மேடைக் காமெடியன், கையில் இருந்ததையெல்லாம் போட்டு 1975இல் 'டாலமைட்' என்ற படத்தை எடுத்த கதை. பாழடைந்த ஓட்டலே ஸ்டூடியோ. கேமரா பிடிக்கக் கல்லூரி மாணவர்கள். பக்கத்துக் கட்டடத்திலிருந்து கொக்கி போட்டு மின்சாரம். மூருக்குக் குங்ஃபூ சுத்தமாக வராது, காலைத் தூக்கினால் முட்டி வரைதான் எழும், ஆனாலும் தூக்குகிறார். இது மட்டப் படத்தின் சாயலில் எடுத்த படம் இல்லை. பளிச்சென்று, ஒழுங்காக எடுத்தது. மட்டப் படம் எப்படிப் பிறக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வைக்கிறது. மூன்றாவது நிபந்தனைக்கு, அதாவது அசல் தெரியாதவர்களுக்கு, இதைவிட நல்ல வாசல் இல்லை. அசலையும் சொல்லிக்கொடுத்துவிட்டு மரியாதையும் செய்கிறது.

கடைசிக் காட்சி மட்டும் சொல்கிறேன், கதை கெடாது. முதல் நாள் கொட்டகை நிறைந்துவிடுகிறது. அடுத்த காட்சிக்காக வெளியே ஒரு கூட்டம் காத்திருக்கிறது. மூர் தன் படத்தைப் பார்க்க உள்ளே போகவில்லை. வெளியே நின்று, வரிசையில் இருப்பவர்களுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருக்கிறார்.

நம்மிடம் இந்த வகையே இல்லையா என்று நண்பர் கேட்டார். இருக்கிறது. எம். கர்ணன் ஜெய்சங்கரை வைத்து எடுத்த கௌபாய் படங்களுக்கு சிம்புதேவன் 2010இல் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' எடுத்தார், ஊருக்கே ஜெய்சங்கரபுரம் என்று பெயர் வைத்து. அதில் மாடிக்காரர்கள் யாருக்கும் அசல் தெரியாது என்ற பிரச்சினை வராது. ஆனால் அவர் கேட்டது அமெரிக்கச் சரக்கு.

சரி, என் பதில். நான் முதலில் 'பிளாக் டைனமைட்' என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். எனக்கு அதுதான் உயிர். ஆனால் பூம் மைக் இறங்கும்போது எட்டில் ஆறு பேர் "இது தப்பா, வேணும்னே பண்ணதா?" என்று பக்கத்தில் கேட்பார்கள், கேட்டு முடிப்பதற்குள் அடுத்த மூன்று சிரிப்பு போய்விடும். அதனால் இந்தச் சனிக்கிழமை 'டாலமைட் இஸ் மை நேம்'. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம், ஒன்பதரைக்குப் போட்டால் பன்னிரண்டுக்குள் முடிந்துவிடும். அடுத்த மாதம் 'பிளாக் டைனமைட்'. அப்போது மைக் இறங்கினால் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதற்கப்புறமும் ஆள் மிஞ்சினால் 'டெத் ப்ரூஃப்', ரத்தம் ஆகாத இருவருக்கு அன்று லீவு.

ஒரே ஒரு எச்சரிக்கை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்பினேன்: படத்தில் ஆள் பேச்சில் பாதி கெட்ட வார்த்தை. ஸ்பீக்கரைத் தெருப் பக்கம் திருப்பி வைக்காதீர்கள். பசங்க தூங்கின பிறகு போடுங்கள்.